ஷம்ஷாபாத்துக்கும் சிகாகோவுக்கும் நடுவில்

ஹைதராபாத்துக்குத் தெற்கே ஷம்ஷாபாத்தில் இருக்கும் ராஜீவ் காந்தி சர்வதேச விமான நிலையத்துக்கும், அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஓஹேர் விமான நிலையத்துக்கும் இடையே, பூகோளத்தின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியாக அளந்தால், தூரம் சுமார் 13,300 கிலோமீட்டர். இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்த எவரும் இந்தத் தொகையைக் காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் செகந்திராபாத்தில் மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வயோதிகத் தம்பதி, மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்கும் பொருட்டுப் புறப்பட்டு, சிகாகோவின் புறநகரில் உள்ள அவள் வீட்டு வாசலில் போய் இறங்குவதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால், அதற்கு எந்தக் கணிதமும் விடை சொல்லாது. நேரே பறக்கும் விமானம் ஒன்று இருக்குமானால் அது வானத்தில் இருக்கும் காலம் பதினாறு, பதினேழு மணி நேரம். இன்றைய நிலையில் அந்தத் தம்பதிக்கு வீட்டிலிருந்து வீடு போய்ச் சேர ஆகும் காலமோ முப்பது மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலிருக்கும் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தைப் பூமியின் விஸ்தாரம் நம்மிடமிருந்து பறிக்கவில்லை; மனிதர்களின் ஏற்பாடுகளும் ஏற்பாடின்மையுமே பறிக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை ஹைதராபாத்திலும் மறுமுனையை சிகாகோவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆச்சரியம் காத்திருக்கும். நூல் மேற்கே அரபிக் கடலை நோக்கிப் போகாமல் ஏறக்குறைய நேர் வடக்கே ஏறும். டெல்லிக்குச் சற்று மேற்கே விலகி, காஷ்மீரத்தின் மலைகளைக் கடந்து, கஜகஸ்தானத்தின் புல்வெளிகளின் மேலாக, யூரல் மலைத்தொடரை ஒட்டி உயர்ந்து, ஆர்க்டிக் கடலில் 79 பாகை அட்சரேகை வரை, அதாவது வட துருவத்துக்கு ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவு வரை சென்று, பிறகு கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மீதும் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையோரமாகவும் இறங்கி, மிச்சிகன் ஏரிக்கரையில் முடியும்.

இனி, ஜனங்கள் உண்மையில் போகும் வழியைப் பார்ப்போம். பெரும்பாலோர் துபாய், தோஹா, அபுதாபி ஆகிய வளைகுடா நகரங்களில் ஒன்றில் விமானம் மாறுகிறார்கள். சிலர் லண்டன் வழியாகவோ பிராங்பர்ட் வழியாகவோ போகிறார்கள். ஹைதராபாத்திலிருந்து துபாய் சுமார் 2,550 கிலோமீட்டர். துபாயிலிருந்து சிகாகோ சுமார் 11,640 கிலோமீட்டர். கூட்டினால் 14,190. நேர் வழியைவிட 900 கிலோமீட்டர்தான் அதிகம்! தென்மேற்கு ஆசியாவின் பாலைவனத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய்த் திரும்பி ஏறுவதால் வானத்தில் நமக்கு நேரும் நஷ்டம், ஜெட் விமானத்தின் வேகத்தில் ஒரு மணி நேரப் பறத்தலுக்குச் சற்றே அதிகம். இரண்டாவது முறை இறங்கி ஏறுவதற்கும், காற்றுக்கும் மூடப்பட்ட வான்வெளிகளுக்கும் ஏற்பப் பாதை வளைவதற்கும் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் தரையில் போகிறது: அகாலத்தில் வந்திறங்கிய அன்னிய விமான நிலையத்தின் நாற்காலியில், மூன்று மணி நேரமாகவும் சில வேளை எட்டு மணி நேரமாகவும் நீளும் காத்திருப்பில் போகிறது.

இந்த விஷயத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தூரம் என்றால் அதைக் குறைப்பது யந்திரத்தின் வேலை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்குச் சரித்திரமும் இடம் கொடுத்தது. 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா சிறு விமானம் ஒன்றில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டு ஆமதாபாத்தில் இறங்கி பம்பாயின் ஜுஹு மைதானத்தை அடைந்தபோது, அங்கிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். வேகமான மோட்டார் வண்டி நல்ல பாதையில் ஓடும் வேகத்தைவிட அந்த விமானங்களின் வேகம் மிகுதியாக இருந்ததென்று சொல்ல முடியாது. 1948 ஜூன் 8ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குச் சென்றபோது வேகம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவை எட்டியிருந்தது. 1960இல் ஏர் இந்தியா போயிங் 707 ஜெட் விமானத்தில் நியூயார்க்கை எட்டியபோது அது தொள்ளாயிரம் கிலோமீட்டராயிற்று. இருபத்தெட்டு வருஷங்களில் இத்தனை முன்னேற்றம்! ஆனால் அதற்குப் பின் கழிந்த அறுபது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தில், ஒலியை மிஞ்சிய கான்கார்டு விமானம் வந்து 2003இல் ஓய்ந்துபோனதைத் தவிர, பிரயாணிகளின் வேகம் அந்தத் தொள்ளாயிரத்திலேயே நின்றுவிட்டது. இன்றைய விமானங்கள் எண்ணெயை மிச்சப்படுத்துகின்றன, ஓசையைக் குறைக்கின்றன, இடையில் நில்லாமல் நெடுந்தொலைவு போகின்றன, விரைவாகப் போவதில்லை. ஆகவே இனி ஒரு பிரயாணத்தில் காலத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் இரண்டே இடங்களில்தான் முடியும்: நடுவில் நிற்பதை ஒழிக்க வேண்டும், அல்லது தரையில் கழியும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் கொள்கையைச் சார்ந்த காரியங்கள்.

நடுவில் நிற்காத விமானம் ஹைதராபாத்துக்கு ஒருமுறை வந்தது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா ஹைதராபாத்திலிருந்து சிகாகோவுக்கு நேர் விமானத்தைத் தொடங்கிற்று. போயிங் 777 வகையின் நீண்டதூர விமானம் அது. அதே மாதத்தில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான நேர் விமானத்தைப் பெண் விமானிகளே துருவப் பாதையில் ஓட்டி வந்ததை நாடே கொண்டாடிற்று. ஹைதராபாத்தின் சேவை அத்தனை புகழ் பெறவில்லை. நெடுங்காலம் நீடிக்கவும் இல்லை. இன்று அமெரிக்காவுக்குப் போகும் ஹைதராபாத்வாசி எவரும் எங்காவது ஓரிடத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

போவோர் இல்லாமல் போனதால் நின்றது என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. அமெரிக்கத் துணைத் தூதரகம் 2008இல் பேகம்பேட்டையின் பைகா அரண்மனையில் தொடங்கப்பட்டு, இடம் போதாமல் 2023இல் நானக்ராம்குடாவில் பெரிய கட்டடத்துக்குப் போயிருக்கிறது. நகரத்துக்கு வெளியே சில்குரில் எழுந்தருளியிருக்கும் பாலாஜிக்கு விசா பாலாஜி என்றே ஜனங்கள் பெயரிட்டிருக்கிறார்கள். வேண்டுதலுக்குப் பதினொன்றும், நிறைவேறிய பின் நூற்றெட்டுமாகப் பிரதட்சிணம் செய்யும் இளைஞர்களை அங்கே எந்நாளும் காணலாம். மாணவர்கள், கணினி உத்தியோகஸ்தர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் தாய் தந்தையர் என்று இந்தப் பாதையில் ஒரு நதியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் விமானக் கம்பெனிகளின் தராசில் இவர்களுக்கு எடை குறைவு. ஏனென்றால் இவர்கள் ஆகக் குறைந்த கட்டணத்தைத் தேடிப் பின்வரிசையில் உட்காருகிறவர்கள். நெடுந்தூர நேர் விமானம் செலவு மிகுந்த ஒன்று. சிகாகோ சேவைக்கு வந்த அந்த வகை விமானம் ஏற்றிச் செல்லக்கூடிய எண்ணெய் ஏறக்குறைய 1,81,000 லிட்டர். முழுச் சுமையுடன் கிளம்பும்போது அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெயே. முதல் பாதி வழியில் எரிவதில் ஒரு பெரும் பங்கு, மறுபாதிக்கு வேண்டிய எண்ணெயைச் சுமப்பதற்காகவே எரிகிறது. நடுவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் விமானத்துக்கு இந்தப் பாரம் இல்லை. முன்வரிசை ஆசனங்களுக்கு அதிகப் பணம் கொடுப்போர் நிறைந்தால்தான் நேர் விமானம் கட்டுப்படியாகும். அத்தகையோர் மிகுதியாக இருக்கும் இடம் டெல்லியும் பம்பாயும் என்பது கம்பெனிகளின் கணக்கு.

இதனுடன் அரசியலும் சேர்ந்துகொண்டது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2005லேயே திறந்த வான் ஒப்பந்தம் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனியும் எந்த ஊரிலிருந்தும் பறக்கத் தடையில்லை. ஆனால் உக்ரேன் யுத்தத்துக்குப் பின் ருஷ்யாவின் வான்வெளி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மூடப்பட்டது; தென்னிந்தியாவுக்கு நேர் விமானம் விட எண்ணியிருந்த அமெரிக்கக் கம்பெனிகள் அந்த எண்ணத்தைக் கைவிட்டன. இந்திய விமானங்களுக்கு ருஷ்யா திறந்திருந்தும், 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடிவிட்டது. மேலே நான் சொன்ன நூல் காஷ்மீரத்தைத் தாண்டியதும் எந்த நாட்டின் மேல் போகிறது என்பதைப் படத்தில் பார்த்தால் விளங்கும். ஒருவனுக்குத் திறந்த கதவு மற்றவனுக்கு மூடியிருக்கிறது. நேர் வழி உலக உருண்டையில் மட்டும் இருக்கிறது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பின்னும், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே விமானம் இடையில் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தினந்தோறும் கடக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தீவு தன் ஜனத்தொகையால் அதைச் சாதிக்கவில்லை. அண்டை நாடுகளின் பிரயாணிகளையெல்லாம் தன் விமான நிலையத்தில் திரட்டிச் சாதித்தது. துபாய் செய்ததும் அதுவே. தென்னிந்தியாவில் அவ்வாறு திரட்டும் ஸ்தலமாக ஹைதராபாத் ஏன் ஆகக் கூடாது? சென்னையிலிருந்து வான்வழியே சுமார் 510 கிலோமீட்டர். விஜயவாடா, விசாகப்பட்டினம், திருப்பதி, நாகபுரி எல்லாம் ஒன்றேகால், ஒன்றரை மணிக்குள் எட்டும் தொலைவு. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் பிரயாணிக்கு வடக்கே ஹைதராபாத்தில் விமானம் மாறுவது, திசை தப்பிய காரியமும் அன்று. ஷம்ஷாபாத்தின் ஓடுபாதை 4,260 மீட்டர் நீளம். எவ்வளவு பாரம் ஏற்றிய விமானமும் அங்கே எழலாம். குறைவது சங்கற்பம்தான்.

அந்தச் சங்கற்பத்தைத் தூண்டும் வழி சர்க்காரின் கையில் உண்டு. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே மத்திய சர்க்கார் அனுமதித்திருக்கும் விமான ஆசனங்கள் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000. இன்னும் வேண்டும் என்று துபாய்த் தரப்பார் பல வருஷங்களாகக் கேட்டும், நம் கம்பெனிகள் தாமே நெடுந்தூரச் சேவைகளை வளர்க்க வேண்டும் என்ற நோக்கத்தால் கொடுக்கவில்லை. நோக்கம் நியாயமானதே. நம் நாட்டுப் பிரயாணிகளின் பணத்தால் வேறு நாட்டின் விமான நிலையங்கள் செழிப்பதைக் கண்டு எவருக்கும் வருத்தம் உண்டாகும். ஆனால் கதவை மூடிப் பாதுகாக்கப்படும் கம்பெனிக்கு ஒரு கடமையும் விதிக்கப்பட வேண்டும். டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மட்டும் நேர் விமானங்கள் விட்டுவிட்டு, தெற்கத்தியர்கள் வடக்கே போய் ஏறிக்கொள்ளட்டும் என்று இருப்பதற்காக அந்தச் சலுகை அளிக்கப்படவில்லை. பாதுகாப்பின் பயன் வேண்டுமானால், ஹைதராபாத், சென்னை, பெங்களூர் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் குறிப்பிட்ட காலத்துக்குள் அமெரிக்காவுக்கு நேர் சேவை தொடங்கி நிலையாக நடத்தியாக வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். முடியாதென்றால் ஆசனங்களைத் திறந்துவிடட்டும். இரண்டுமில்லாத இன்றைய நிலையில் அதிகக் கட்டணமும் அதிக நேரமும் கொடுத்து நஷ்டப்படுகிறவன் பிரயாணி ஒருவனே.

அந்தப் பிரயாணி யார் என்பதை ஒருகணம் எண்ணிப்பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். முப்பது வயது இளைஞனுக்கு முப்பது மணி நேரம் ஒரு தொந்தரவு; எழுபது வயது மூதாட்டிக்கு அது ஒரு சோதனை. வளைகுடா நகரங்களில் கீழ்த்திசையிலிருந்து வரும் விமானங்கள் ஓர் அலையாக வந்து இறங்கி, மேற்றிசைக்குப் போகும் விமானங்கள் மற்றோர் அலையாகக் கிளம்புவதற்குத் தோதாகவும், பிராங்பர்ட் போன்ற நகரங்களில் இரவு 11 மணியிலிருந்து விடியற்காலை 5 மணிவரை விமானம் இறங்கக் கூடாதென்ற தடைக்குப் பொருந்தவும், நம் ஊரிலிருந்து பல விமானங்கள் நடுநிசிக்கு மேல் புறப்படுகின்றன. அதனால் முதல் இரவின் தூக்கம் வீட்டு வாசலிலேயே போய்விடுகிறது. இருபத்துமூன்று கிலோ பெட்டிகள், பேத்திக்குப் பட்டுப் பாவாடை, ஆவக்காய் ஊறுகாய், மாத்திரைச் சீட்டு, மகன் எழுதிக் கொடுத்த விலாசம் ஆகியவற்றுடன் அவர்கள் போகிறார்கள். நடக்க முடிந்தவர்கள்கூட வீல்சேர் வேண்டுமென்று டிக்கெட் வாங்கும்போதே எழுதிவிடுகிறார்கள். இதைச் சிலர் குறையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. கால் வலிக்காக அவர்கள் அந்த நாற்காலியைக் கேட்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலேறிப் போகவேண்டிய அந்தப் பெருங்கூடங்களில், அறிவிப்பும் பலகையும் புரியாத நிலையில், வழி தெரிந்த ஒரு மனிதர் கூட வரவேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரே அவர்களுடைய பாஷையும் திசையும். உண்மையில் நடக்க இயலாதவருக்கு அந்த நாற்காலி கிடைக்காமல் போகும் அபாயம் இருப்பதால், இதற்கு வேறு பரிகாரம் தேட வேண்டியது அவசியம், பரிகாரம் எளியதுதான். ஒவ்வொரு பெரிய விமானத்துக்கும் தெலுங்கும் தமிழும் ஹிந்தியும் தெரிந்த ஒருவரை மாறும் நிலையத்தில் நிறுத்தி, முதியோரைக் கூட்டமாக அழைத்துச் சென்று அடுத்த வாயிலில் உட்காரவைத்தால் போதும்.

அமெரிக்காவில் இறங்கிய பின்னும் வேலை முடிவதில்லை. சிகாகோவிலிருந்து இன்னும் உள்ளே டெஸ் மாய்ன்ஸுக்கோ மில்வாக்கிக்கோ போக வேண்டியவர்கள், முதலில் இறங்கிய இடத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளைத் தாமே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கொடுத்துவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். அபுதாபியில் 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து அந்தச் சோதனையை முன்கூட்டிச் செய்து அனுப்புகிறார்கள். அவ்வழியே போகிறவர்கள் அமெரிக்காவில் உள்நாட்டுப் பிரயாணிகளைப் போல இறங்கி நடக்கலாம். வருஷந்தோறும் இத்தனை பேரை அனுப்பும் இந்திய நகரம் ஒன்றிலாவது அத்தகைய ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது, இரு நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போதெல்லாம் பேசப்படும் பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஒரு சிறு விஷயமாகத் தோன்றலாம். வயோதிகர்களுக்கு அது சிறு விஷயம் அன்று.

இனி, பிரயாணத்தின் முதல் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜாம் காலத்தில், 1930களில் அமைந்த பேகம்பேட்டை விமான நிலையம் ஹைதராபாத்துக்கும் செகந்திராபாத்துக்கும் நடுவில் இருந்தது. மாரேட்பள்ளியிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடலாம். 2008 மார்ச் 23ஆம் தேதி ஷம்ஷாபாத் திறந்த அன்றே பேகம்பேட்டை பொதுப் பிரயாணிகளுக்கு மூடப்பட்டது. புதிய நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் இருக்கலாகாது என்பது ஒப்பந்தம். நகர் நடுவே ஓடுபாதை இருப்பதன் அபாயத்தையும் இட நெருக்கடியையும் நான் மறுக்கவில்லை. இடம் மாறியது சரியே. ஆனால் மெஹதிப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் வரை 11.6 கிலோமீட்டர் நீளமுள்ள பி. வி. நரசிம்ம ராவ் மேம்பாலச் சாலை 2009 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஒன்றரை வருஷம் ஜனங்கள் நெரிசலில் பட்ட பாடு சொல்லி முடியாது. ரயில் விஷயமோ இன்னும் மோசம். 2022 டிசம்பரில் ராய்துர்க்கத்திலிருந்து 31 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள், அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, வழியும் மாறியது, நாகோல், எல். பி. நகர், சந்திராயன்குட்டா மார்க்கமாக வேறொரு திட்டம் தீட்டி மத்திய சர்க்காருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பழைய வழி நல்லதா, புதிய வழி நல்லதா என்ற வாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம். நிலையம் திறந்து இத்தனை வருஷங்களுக்குப் பின்னும், பிரயாணிக்கு மிஞ்சியிருப்பவை புஷ்பக் என்ற விமான நிலைய பஸ்ஸும் வாடகைக் காரும் மட்டும் என்பதில் நியாயம் இல்லை.

இதன் பலனைச் சென்னைப் பிரயாணத்தில் தெளிவாகக் காணலாம். ஹைதராபாத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு வானத்தில் ஒன்றேகால் மணி நேரம். செகந்திராபாத்திலிருந்து ஷம்ஷாபாத் போக ஒன்றரை மணி, புறப்பாட்டுக்கு முன் இரண்டு மணி, இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, பிறகு சென்னை நெரிசல் என்று கூட்டினால் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. பறத்தலைப் போல நாலு மடங்கு நேரம் தரையில் கழிகிறது. நல்லவேளையாக, மீனம்பாக்கத்தில் இறங்கியவருக்கு 2016 முதல் மெட்ரோ இருக்கிறது. எதிரே திரிசூலத்தில் புறநகர் ரயிலும் நிற்கிறது.

ஆனால் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்ந்திருக்கும் பரந்தூரோ, நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஷம்ஷாபாத்தின் தூரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தங்கள் ஏரியையும் வயலையும் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் 2022 முதல் நடத்திவரும் போராட்டம் தனியே விரிவாகப் பேசவேண்டிய பெரிய நியாயம். அதை இரண்டு வாக்கியத்தில் தாண்டிப்போக நான் விரும்பவில்லை. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், அங்கே நிலையம் எழுவதாக இருந்தால், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் காகிதத்திலிருந்து இறங்கித் தண்டவாளமாக வேண்டும். முதல் ரயில் ஓடிய பிறகே முதல் விமானம் கிளம்பலாம் என்பதை நிலையத்தைக் கட்டுகிறவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஹைதராபாத்தில் அப்படி எழுதாமல் விட்டதன் விலையை ஜனங்கள் இன்னமும் கொடுத்துவருகிறார்கள்.